நயம் பொறுக்கி அனுப்பிய ரிப்போர்ட்

ராசிங்காபுரத்தில் முத்துக்கிருஷ்ணனுக்கு ஒரு குறையும் இல்லை, அவன் கம்ப்யூட்டர் படித்திருக்கிறான் என்ற ஒன்றைத் தவிர. தெருவில் யார் வீட்டு டிவி ரிமோட் படுத்துக்கொண்டாலும் அவனுக்குத்தான் ஆள் வரும். மிக்ஸி புகைந்தாலும் வரும். ஒருமுறை தோட்டத்துப் போர் மோட்டார் ஓடவில்லையென்று விடிந்ததும் விடியாததுமாக அழைத்துப் போய் நிறுத்திவிட்டார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு மூடியை மாட்டிவிட்டு, "இது ஹார்டுவேரு. நான் சாஃப்ட்வேரு" என்றான். கூடியிருந்தவர்கள் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கைவிரித்ததைப் போலத் தலையாட்டிக்கொண்டு கலைந்தார்கள்.

குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். அப்பா உயிரோடு இல்லை. அம்மா ராமுத்தாய் தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்துப் படிக்க வைத்தாள். கல்லூரியில் கம்ப்யூட்டர்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்ஷன் வரும் நாளில் உறையைக் கழற்றிப் பூப்போட்டுவிட்டு, ஆட்கள் போனதும் மறுபடி மாட்டிவிடுவார்கள். முத்துக்கிருஷ்ணன் புரோகிராம்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதினான். அரைப்புள்ளி உள்பட ஒன்றும் விடாமல் ஒப்பிப்பான். அது என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு சென்னைக்குப் போனான். அங்கே கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டான்.

வந்தவனுக்குப் பக்கத்து டவுன் போடியில் ஒரு வேலை கிடைத்தது. வேலுச்சாமி ஏலக்காய் வியாபாரி. ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டரில் நடக்க ஆரம்பித்த புதிதில், அதற்குத் தோதாக ஒரு புரோகிராம் எழுதி விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தன் குடோனுக்கு மேல்மாடியில் கண்ணாடிக் கதவு போட்டு, 'மலைமணி டெக் சொல்யூஷன்ஸ்' என்று போர்டு மாட்டினார். எந்த விவசாயி எத்தனை மூட்டை கொண்டுவந்தார், என்ன ரகம், என்ன எடை என்பதை எல்லாம் அந்தப் புரோகிராம் பதிந்து வைக்கும். அதை எழுதியவன் அழகுராஜா. எழுதி முடித்ததும் பெங்களூருக்குப் போனவன், போகும்போது தன் போன் நம்பரையும் மாற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் விட்டுப்போன நாற்காலியில்தான் முத்துக்கிருஷ்ணன் உட்கார்ந்தான். கீழேயிருந்து ஏலக்காய் வாசம் ஏறிக்கொண்டே இருக்கும். அவன் சட்டையை முகர்ந்து பார்த்தால் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

அலுவலகத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள். முன்னறையில் ஒரு விண்டோஸ். வேலுச்சாமியின் மேசைமேல் ஒரு மேக். சம்பந்தி வீட்டில் ஒன்று இருப்பதைப் பார்த்து வாங்கியது, அதில் அவர் பட்டிமன்றம் பார்ப்பார். மூன்றாவது கீழே குடோனில் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த லினக்ஸ் பெட்டி. புரோகிராம் முழுக்க ஓடுவது அதில்தான். அதனால் அதை யாரும் தொடுவதில்லை. தினமும் காலையில் சாமிப் படத்துக்குக் காட்டும் சூடத்தை அதற்கும் ஒரு சுற்றுக் காட்டுவார்கள்.

"தம்பி, கொச்சி கம்பெனி ஆர்டர் மட்டும் கைக்கு வரட்டும், உன்னைய நிரந்தரம் பண்ணிடறேன்" என்று வேலுச்சாமி சொல்லி இரண்டு சித்திரை போய்விட்டது. அதை முத்துக்கிருஷ்ணன் அம்மாவிடம் சொல்லியிருந்தான். ராமுத்தாய்க்கு முழங்கால் வலி. மலைச்சரிவில் குத்தவைத்து எழுந்திருக்கும்போது செடியைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறாள். "நீ நிரந்தரம்னு சொல்லு அப்பு, அன்னைக்கே நான் ஜீப்பு ஏறுறதை விட்டுர்றேன்" என்றிருந்தாள். ஆக, அந்தக் கொச்சி ஆர்டரில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு முழங்கால்.

புரோகிராமை வாங்கிக்கொள்கிறோம் என்று கொச்சி கம்பெனியின் பதில் வந்தது, கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. கொச்சியிலிருந்து சுஜாதா என்ற பெண் மெயில் அனுப்பியிருந்தாள். புரோகிராமின் பாதுகாப்பைப் பார்ப்பது அங்கே அவள் வேலை. உங்கள் புரோகிராம் எழுதப்படுகிற, ஓடுகிற எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் இந்த ஸ்கேனர் கருவியை நிறுவுங்கள், புரோகிராமாக எழுதிய 'கோடு' வரிகள் முழுவதையும் அதன் வழியாக ஓட்டுங்கள், எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று அதுவே சொல்லும், அந்த ரிப்போர்ட்டை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாள்.

கருவிக்கு ஐகான் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை அடித்துத்தான் எழுப்ப வேண்டும். வேலுச்சாமிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கறுப்புத் திரையில் எழுத்து ஓடினால்தான் அது உண்மையான கம்ப்யூட்டர் வேலை என்பது அவர் கொள்கை. ஏலத்துக்கு வந்த வியாபாரிகளை எல்லாம் மாடிக்குக் கூட்டிவந்து, "நம்ம என்ஜினியரு. மவுசே தொட மாட்டாரு" என்று காட்டினார். அவர்கள் டீயைக் குடித்துக்கொண்டே, கறுப்புத் திரையை ஜல்லிக்கட்டுக் காளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

விண்டோஸில் நிறுவிய நிமிடமே அதன் ஆன்டிவைரஸ் பாய்ந்து கருவியைப் பிடித்து உள்ளே போட்டது. திருடனைப் பிடிக்க வந்தவனைக் காவல்காரன் பிடித்துக் கட்டிவைத்த கதை. அதைக் கெஞ்சி விடுவித்தால், நிறுவியாயிற்று என்றது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்றது. அந்தக் கம்ப்யூட்டரில் பயனாளர் பெயரை வேலுச்சாமி 'வேலுச்சாமி அண்ட் கோ' என்று நடுவில் இடம் விட்டு விட்டு ஆங்கிலத்தில் வைத்திருந்தார். அந்த இடைவெளிக்குள் கருவி விழுந்து கிடந்தது. முத்துக்கிருஷ்ணன் அதைக் கண்டுபிடிக்க ஒரு பகலை முழுதாகக் கொடுத்தான்.

மேக் இன்னும் மரியாதையானது. உங்களை யாரென்று தெரியாது, முதலாளியின் பாஸ்வேர்டைச் சொல்லுங்கள் என்றது. முதலாளிக்குத் தெரியவில்லை.

"அண்ணே, வாங்கும்போது ஒண்ணு போட்டிருப்பீங்களே?"

"நான் எங்கப்பா போட்டேன்? பாப்பா போட்டுச்சு."

பாப்பா கோயம்புத்தூரில் கல்யாணமாகிப் போயிருந்தது. போன் போட்டால், "சொல்ல முடியாதுப்பா, அது பெர்சனல்" என்றது. அப்பாவும் மகளும் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் மகள் முத்துக்கிருஷ்ணனிடம் மட்டும் சொல்லச் சம்மதித்தாள். அது அவள் முன்னாள் காதலன் பெயராக இருக்கும் என்று எதிர்பார்த்தான். அவள் வளர்த்த நாயின் பெயர். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

லினக்ஸ் பெட்டியிடம் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போனான். மூட்டைகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து கட்டளையை அடித்தான். உனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. மீண்டும் அடித்தான். அதிகாரம் உள்ளவர்கள் பட்டியலில் உன் பெயர் இல்லை, இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும் என்றது. யாருக்குத் தெரிவிக்கும்? போலீசுக்கா, அமெரிக்காவுக்கா? சாயங்காலம் வரை வாசலில் ஜீப்பு சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தான். லினக்ஸைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்துத் தேறியவன் அவன். அந்தப் புகார் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும், அதைப் படிக்க அழகுராஜாவைத் தவிர வேறு யாரும் இல்லை என்பதைப் பிறகு இணையத்தில் தேடித்தான் தெரிந்துகொண்டான். நான் என்னதான் படித்தேன் என்ற கேள்வி அன்றைக்கு அவனோடு ஊர் பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தது.

பெட்டியை வேறு வழியில் எழுப்பி, தன் பெயரைப் பட்டியலில் ஏற்றி, கருவிக்கு வேண்டிய, பெட்டி தரமாட்டேன் என்ற உதிரிகளை ஒவ்வொன்றாகத் தேடி இறக்கி, மலைமேல் போடிமெட்டில் மழை பிடித்தால் அறுந்துபோகிற இணையத்தோடு மல்லுக்கட்டி, ஒருவழியாக நிறுவிவிட்டான். அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. பட்டம் வாங்கியபோதுகூட வராத சந்தோஷம். மூன்று வேறு வேறு பிறவிகளிடம் ஒரே கருவியைப் பேச வைத்திருக்கிறான்.

கருவியை ஓட்டினான். சிவப்பாகக் கொட்டியது. ஓட்டை, ஓட்டை, ஓட்டை. திரை மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. பின்னால் நின்று பார்த்த வேலுச்சாமி முதலில் பூரித்துப் போனார்.

"இம்புட்டு வருதா! பலே."

"அண்ணே, இதெல்லாம் தப்பு. நம்ம புரோகிராம்ல இருக்கிற தப்பு."

வேலுச்சாமி முக்காலியைப் பிடுங்கிப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டு, தொழிலில் நரைத்த மனிதருக்குரிய நிதானத்தோடு சொன்னார்.

"மூட்டையை யாருப்பா அவுத்துக் காட்டச் சொன்னது? ஏலத்துக்கு என்ன அனுப்புறோம்? சாம்பிள். சாம்பிளுக்கு என்ன போடுறோம்? சல்லடையில நின்ன பெரிய காயா, பச்சையா, உடையாததாப் பொறுக்கிப் போடுறோம். வாங்குறவனுக்கும் அது தெரியும். அதுதான் முறை. நீ நல்ல ஃபைலாப் பாத்துப் பொறுக்கு. தனியா ஒரு ஃபோல்டர்ல போடு. அதை மட்டும் ஓட்டு."

வேறு ஊரில் இதைச் சொன்னால் பித்தலாட்டம் என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். போடியில் இது தொழில் ஒழுங்கு. முத்துக்கிருஷ்ணனும் சிறுவயதில் பள்ளி விடுமுறையில் தட்டு வைத்துச் சாம்பிள் காய் பொறுக்கியவன்தான். கை தானாக வேலையை ஆரம்பித்தது. முதல் பக்கத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஃபைல், தேதியைக் காட்டும் ஃபைல், வணக்கம் சொல்லும் ஃபைல் என்று வழவழப்பானவற்றைப் பொறுக்கினான். முதல் தரக் காய்க்குச் சொல்வதுபோல ஃபோல்டருக்கு 'நயம்' என்று ஆங்கில எழுத்தில் பெயரும் வைத்தான். மூன்று கம்ப்யூட்டரிலும் அதை மட்டும் ஓட்டினான். மூன்றிலும் ஒரு குறையும் இல்லை என்று வந்தது. அனுப்பிவிட்டான்.

அன்றைக்கு வேலுச்சாமி இனிப்புப் போளி வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் போன முத்துக்கிருஷ்ணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆத்தா, ஸ்கேன் ரிப்போர்ட்டு நல்லபடியா வந்துருச்சு."

"ஸ்கேனா? யாருக்குடா, என்ன மாசம்?"

"புரோகிராமுக்கு ஆத்தா. வர்ற வாரம் நிரந்தரம்."

அடுத்த நாள் காலை ஜீப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஜீப்பு ஓட்டும் பிரபு அவனோடு பள்ளியில் படித்தவன். பத்தாம் வகுப்போடு நின்று, ஸ்டியரிங்கைப் பிடித்து, இப்போது சொந்த வண்டி வைத்திருக்கிறான். தெருமுனையில் நிறுத்தி, "மாப்ளே, திங்கக்கிழமையிலருந்து அத்தை வர மாட்டாகளாமே. அந்தச் சீட்டை சோணை பொண்டாட்டிக்குக் குடுத்துரவா? அப்புறம் வந்து இடம் கேக்கக் கூடாது" என்றான். உள்ளே அடைந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். முத்துக்கிருஷ்ணன் குடு என்று சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை சுஜாதாவிடமிருந்து போன் வந்தது. தமிழில்தான் பேசினாள். மலைமேல் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, மலையாளப் பள்ளியில் படித்து, கொச்சிக்குப் போனவள். பேச்சில் இரண்டும் கலந்திருந்தது.

"முத்துக்கிருஷ்ணன் அல்லே? ரிப்போர்ட் கண்டு. ஒரு குத்தமும் இல்லை."

"ஆமாங்க மேடம்" என்றான் பெருமையாக.

"நான் இந்தச் சோலிக்கு வந்து இதுவரைக்கும் குத்தமில்லாத ரிப்போர்ட் கண்டதில்லை. என்னோட கோடுலயே வரும். எத்தனை ஃபைலை ஓட்டினோம்னு அந்த ரிப்போர்ட்டே அடியில எழுதும், தெரியுமோ? நீங்க ஓட்டினது ஒரு கைப்பிடி."

முத்துக்கிருஷ்ணன் அவசரமாக ரிப்போர்ட்டைத் திறந்து அடிவரியைப் பார்த்தான்.

"ஃபோல்டர் பேரு வேற 'நயம்'." சிரித்தாள். "நானும் ஸ்டோர்ல காய் பொறுக்கியிருக்கேன், கேட்டோ. எங்கம்மை இப்பவும் பொறுக்குது. சாம்பிளைக் கண்டா எனக்குத் தெரியாதா? எனக்கு மூட்டை வேணும். குத்தூசியைச் சொருகி உள்ளே கிடக்கிறதை எடுத்துப் பாக்கணும். நாளைக்குப் பத்து மணிக்கு உங்க ஸ்க்ரீனை எனக்குக் காட்டிட்டு, என் முன்னாடியே லினக்ஸ்ல முழுசா ஓட்டுங்க. இல்லைன்னா ஆர்டரை மறந்துரலாம்."

விஷயத்தைக் கேட்ட வேலுச்சாமி கலங்கவில்லை. இதுவும் அவர் தொழிலில் பார்த்ததுதான்.

"குத்தூசி வந்தா என்ன பண்ணுவோம்? வேற வழி இல்லையா இதுக்கு?"

இங்கேதான் முத்துக்கிருஷ்ணனின் படிப்பு அவனைக் காட்டிக்கொடுத்தது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவனால் முடிந்ததில்லை. "ஒரு வசதி இருக்குண்ணே. தப்பு இருக்கிற வரி ஓரத்துல ஒரு குறி போட்டுட்டா, ஸ்கேனர் அதைக் கண்டுக்காமப் போயிரும்."

வேலுச்சாமியின் முகம் மலர்ந்தது. "அப்ப சாயம் போட்டுறலாம்னு சொல்றே. இதை முன்னாடியே சொல்ல மாட்டியா? வெரசாப் போடு."

பழுத்து வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றுகிறவர்களை வேலுச்சாமி ஊரறியத் திட்டுவார். சங்கத்தில் பேசும்போது மேசையைக் குத்துவார். அது காய்க்கு. கோடுக்குச் சாயம் போட்டால் யார் நாக்கில் ஒட்டப் போகிறது?

முத்துக்கிருஷ்ணன் குடோனில் உட்கார்ந்து குறி போட ஆரம்பித்தான். அழகுராஜா எழுதிய வரிகளுக்குப் போடும்போது ஒரு உற்சாகமே இருந்தது. பெரிய மேதாவி என்று ஊரே கொண்டாடியவன் இத்தனை ஓட்டை விட்டிருக்கிறானே! ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றான். விவசாயிகளின் மூட்டை எடைகளைத் திருத்துகிற இடத்துக்கான பாஸ்வேர்டு, பூட்டும் மறைப்பும் இல்லாமல், படிக்கிறவர் யாருக்கும் தெரிகிற மாதிரி கோடுக்குள்ளேயே எழுதியிருந்தது. ராமுத்தாய், பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று. அது அழகுராஜா எழுதியதல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முத்துக்கிருஷ்ணனே எழுதியது. அன்றைக்கு அதை அம்மாவுக்குச் செய்கிற மரியாதை என்றுகூட நினைத்திருந்தான்.

இந்த வரி தெரிந்த யாரும் எங்கிருந்து வேண்டுமானாலும் நுழைந்து எந்த மூட்டையின் எடையையும் மாற்றலாம். அம்மா குத்தவைத்துக் குத்தவைத்து எடுத்த காயும் அந்த மூட்டைகளில்தான் இறங்குகிறது. அவள் பெயரையே சாவியாக்கி வாசலில் தொங்கவிட்டிருக்கிறான். இப்போது அதன்மேல் ஒரு சாயத்தையும் பூசப் போகிறான்.

போட்ட குறிகளை எல்லாம் எடுத்துவிட்டான். அதைத் துணிச்சல் என்று அவனே நினைத்துக்கொள்ளவில்லை. எப்படியும் அந்தச் சுஜாதா கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம் பாதிக்கு மேல் இருந்தது. மீதி என்ன என்று அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வேலுச்சாமி திருநீறு பூசிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முத்துக்கிருஷ்ணன் திரையைக் கொச்சிக்குக் காட்டி, கட்டளையை அடித்தான். கருவி ஓடியது. சிவப்பு கொட்டியது. வேலுச்சாமி திரும்பி அவனைப் பார்த்த பார்வையில், சாயம் எங்கே போயிற்று என்ற கேள்வி இருந்தது.

சுஜாதா மேலிருந்து கீழே வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"ஆரு இந்த ராமுத்தாய்?"

"எங்கம்மா, மேடம்."

"அம்மை பேரை வாசல்ல எழுதிப் போட்டிருக்கு." இந்தமுறை அவள் சிரிக்கவில்லை. "இதை எழுதினது ஆரு?"

வேலுச்சாமி முந்திக்கொண்டார். "பழைய பையன் ஒருத்தன் இருந்தான் மேடம், அழகுராஜான்னு. ஒரு பொறுப்பு கிடையாது..."

"நான்தான் எழுதினேன்" என்றான் முத்துக்கிருஷ்ணன்.

குடோனில் எங்கோ தராசில் எடைக்கல் வைக்கும் சத்தம் கேட்டது.

"மதி, இது போதும்" என்றாள் சுஜாதா. "இன்னைக்கே மாத்துங்க. மத்தது ஒவ்வொண்ணா. ஆர்டர் தர்றோம். ஆனா வாரா வாரம் மூணு சிஸ்டத்துலயும் ஓட்டி அனுப்பணும். ஓட்டுறது இந்த ஆளாத்தான் இருக்கணும், வேற ஆளு வேண்டாம். இதை எழுதியே அனுப்பறேன்."

இணைப்பு அறுந்ததும் வேலுச்சாமிக்கு அவனைத் துரத்திவிட மனசு பரபரத்தது. ஆனால் அந்த மூன்று பெட்டிகளையும் தட்டி எழுப்பத் தெரிந்தவன் போடியில் இவன் ஒருவன்தான். போதாததற்குக் கொச்சிக்காரி எழுத்திலேயே கட்டிப்போட்டுவிட்டாள். சாயங்காலம் ஒரு கடிதம் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'தலைமைப் பாதுகாப்பு அதிகாரி, அனைத்து இயங்குதளங்கள்' என்றிருந்தது. நிரந்தரம் என்றும் இருந்தது. சம்பளத்தைப் பற்றிய வரியில் மட்டும் 'தற்போதுள்ளவாறே' என்றிருந்தது.

"அண்ணே, இது..."

"பதவியைப் பாருப்பா. கொச்சியில இருக்கிற பிள்ளைக்கே இம்புட்டுப் பெரிய பேரு இருக்காது."

மூட்டையை மறைத்து நயத்தை மட்டும் காட்டுகிற வித்தை கடிதத்திலும் செல்லும் என்று முத்துக்கிருஷ்ணன் அப்போது கற்றுக்கொண்டான். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வேண்டாம் என்று வீசிவிட்டு வந்திருக்கலாமோ என்று பஸ்ஸில் நினைத்தான். போடி பஸ் ஸ்டாண்டிலிருந்து ராசிங்காபுரம் வரைக்கும் அதையேதான் நினைத்தான்.

வீட்டில் நடந்ததை எல்லாம் சொன்னான். பாஸ்வேர்டு கதையையும் சொன்னான். ராமுத்தாய் கேட்டுக்கொண்டே முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். சம்பளம் என்று அவள் ஆரம்பித்தபோது அவன் தண்ணீர் குடிக்க எழுந்துபோனான். அவள் தைலப் பாட்டிலை மூடிவிட்டு, தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை விடிகாலையில் பிரபு தெருமுனையில் ஹாரன் அடித்தான். ராமுத்தாய் தூக்குவாளியோடு போய் நின்றாள், பக்கத்தில் முத்துக்கிருஷ்ணன். அவளுடைய சீட்டில் சோணை பொண்டாட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அத்தை, ஆபீசரோட அம்மா மலைக்குப் போகலாமா?" என்றான் பிரபு. "மாப்ளே, நான்தான் அன்னைக்கே கேட்டேனே."

"வாயை மூடிட்டு வண்டியை எடுடா. நான் பின்னாடி நின்னு வர்றேன்."

முத்துக்கிருஷ்ணன் அவள் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, பின்னால் ஏறக் கைகொடுத்தான். ஏறி நின்றதும் அவள் குனிந்து கேட்டாள்.

"அப்பு, அந்த டப்பாவுல என் பேரை அழிச்சிட்டியா?"

"வெள்ளிக்கிழமையே அழிச்சிட்டேன் ஆத்தா."

"நல்லது. அப்ப அங்க எனக்குச் சோலி இல்லை" என்று சொல்லி வாளிக்குக் கையை நீட்டினாள். "கொண்டா."

ஜீப்பு மலையடிவாரத்து முந்தல் பக்கம் திரும்பியது. முத்துக்கிருஷ்ணன் போடி பஸ்ஸுக்கு நின்றான். அந்த வாரத்து ஸ்கேன் பாக்கி இருந்தது.